செருப்புகளுக்கு மட்டும் வெந்நீர்

‘இதுக்கெல்லாமா ஆளக் கூப்பிடுவாங்க?’ என்று கேட்கும் ஓர் இனம் இருக்கிறது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். குழாய் ஒழுகினால் அதில் சைக்கிள் டியூபைச் சுற்றுவார்கள். அதற்குமேலும் ஒழுகினால் கீழே வாளி வைப்பார்கள். வாளி நிறைந்தால் அதைச் செடிக்கு ஊற்றிவிட்டு, தோட்டத்துக்குப் பைசா செலவில்லாமல் பாசனம் செய்வதாக விருந்தாளியிடம் பெருமை பேசுவார்கள். பழுது என்று எதையாவது ஒப்புக்கொள்வார்களா? மூச்! வோன்ஜு நகரத்தில் இந்த இனத்துக்குத் தலைவர் பியோ சாங்-மான்.

பியோ சொந்தக் கையால் இழைத்த வீட்டை, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் குவோன் தேக்-சு போன அக்டோபரில் விலைக்கு வாங்கலாமா என்று பார்க்கப் போனார். அந்தக் குளிர் ஊரில், வந்த மனிதரை வீட்டிலேயே சூடான இடத்தில் உட்காரவைப்பதுதான் மரியாதை. பியோ வாசலுக்கு அருகே மெத்தை போட்டார். எலுமிச்சைத் தேநீர் கொடுத்தார். தரைக்கடியில் பதித்த குழாயில் வெந்நீர் ஓட, உட்கார்ந்த இடம் இதமாகக் காய்ந்தது. அப்படி உபசரித்தவரின் படுக்கையறைக்குள் போய்த் தரையைத் தடவிப் பார்ப்பது என்ன நாகரிகம்? குவோன் எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்தபடியே வீட்டை வாங்கிவிட்டார்.

முதல் பனி விழுந்த வாரம் குடிவந்த கையோடு, வருஷம் முழுமைக்குமான கிம்ச்சியை, அதாவது முட்டைக்கோஸ் ஊறுகாயை, ஊறவைத்து, எந்த வீட்டிலும் குளிர்ந்த இடம் அதுதானே என்று வாசலுக்கு உட்புறம் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தார் குவோனின் மனைவி ஓக்-பூன். மூன்றே நாளில் ஜாடி புளித்து நுரை கக்கியது. செருப்புகள் சுட்ட கிழங்கு மாதிரி கொதித்தன. உள்ளறைத் தரையோ பனிக்கட்டியாய்ச் சில்லிட்டு, கால் வைத்தவரைத் துள்ள வைத்தது.

கிம்ச்சி போனால் போகட்டும். மகள் மி-ரானுக்குப் பத்து நாளில் பிரசவம். பிள்ளை பெற்றவள் மூன்று வாரம் சுடும் தரையில் படுத்தெழுந்தால்தான் உடம்பு தேறும். அதற்காகவேதான் இந்த வீட்டை வாங்கினார்கள். குவோன் உடனே பியோவுக்குப் போன் போட்டார்.

பியோ வந்தார். வாயெல்லாம் பல், தோளில் ஆயுதப் பை. இந்த இனம் எங்கே போனாலும் முதலில் கேட்கும் கேள்வியைத்தான் அவரும் கேட்டார்.

“இதுல யாராவது கை வெச்சீங்களா?”

“கால் வெச்சோம். விறைச்சுப் போச்சு” என்றார் ஓக்-பூன்.

பியோ குப்புறப் படுத்துத் தரையில் காது வைத்தார். “தண்ணி ஓடுது பாருங்க, கடகடன்னு.”

“அது உங்க வயிறுங்க.”

“பதினோரு வருஷம் நான் இதே ரூம்லதாம்மா தூங்கினேன்!”

“எத்தனை கம்பளி போத்திக்கிட்டு?”

“அஞ்சு” என்றார் பியோ. மனிதருக்குப் பொய் சொல்லத் தெரியாது. “அவ்வளவு சூடு வேணும்னா வாசல்ல படுக்கலாமே. அங்க ஜம்முனு இருக்கு!”

“பச்ச உடம்புக்காரிய செருப்பு விடுற இடத்துல படுக்கச் சொல்றீங்களா?”

“சரிம்மா, இப்பவே தோண்டிப் பாத்துடறேன். இதுக்கெல்லாமா ஆளக் கூப்பிடுவாங்க?” என்று பியோ உளியை எடுத்தார்.

ஓக்-பூன் உளியைப் பிடுங்கிப் பையில் போட்டு, பையை அவர் தோளில் மாட்டி, அவரைத் திருப்பி நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டார். பிறகு, குழாய் வேலையை முறையாகப் படித்த ஜோ என்ற பெண்ணை அழைத்தார். ஜோ தரையைப் பெயர்த்தாள். வாசலடியில் குழாய் ஜிலேபி மாதிரி சுற்றிச் சுற்றிக் கிடந்தது. கூடத்தில் இரண்டே வரி. உள்ளறையில் ஒன்றுமில்லை. வாசலில் ஆரம்பித்த பியோவுக்கு, உள்ளே போவதற்குள் குழாய் தீர்ந்துவிட்டது. தீர்ந்த இடத்தில், ஈரச் சிமெண்டில், தம் பெயரையும் தேதியையும் விரலால் அழகாக எழுதி வைத்திருந்தார்.

ஜோ உள்ளறை வரை புதுக் குழாய் பதித்தாள்; ஒன்பதாம் நாள் உள்ளறைத் தரை சுட்டது. பதின்மூன்றாம் நாள் மி-ரான் பிள்ளையோடு வந்து அதன்மேல் படுத்து, “அப்பாடா” என்றாள். குவோனுக்குக் கண் கலங்கிவிட்டது. நிறைந்த மனதோடு நிமிர்ந்து பார்த்தார். பிள்ளையின் தலைக்கு நேர் மேலே விளக்கு லேசாகக் கோணியிருந்தது.

“மி-ரான் அப்பா, ஜோவக் கூப்பிடட்டுமா?” என்று கேட்டார் ஓக்-பூன்.

“இதுக்கெல்லாமா ஆளக் கூப்பிடுவாங்க?” என்றார் குவோன், ஸ்டூலை இழுத்தபடி.

ஓக்-பூன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மகளோடு வாசலுக்குப் போய், செருப்புகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் ஒரு சுவிட்சை ஓரமாகப் பிடித்து அழுத்த வேண்டும், ஒரு கதவைத் தூக்கித் திறக்க வேண்டும், அந்த வித்தை உங்களுக்கு மட்டும்தான் தெரியும், இல்லையா? வீட்டில் மற்றவர்கள் எங்கே போய் உட்காருகிறார்கள் என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.