யூலை அப்பிளும் உம்முடைய அக்காவும்

லா ஷப்பல், பாரிஸ்
29 யூலை 2015

அன்புக்குரிய மைத்துனர் திரு. உதயன் அவர்களுக்கு,

ஸ்பெயின் கடற்கரையில் நீரும் உம்முடைய குடும்பமும் வெயிலில் நன்றாகக் காய்ந்து, உப்புத் தண்ணீரில் நன்றாக ஊறி, ஒரு குறையும் இல்லாமல் ஓல்னே வீட்டுக்குத் திரும்பியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இங்கே சுகமா என்று நீர் கேட்கப்போவதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லவேண்டியது என் கடமை. சுகமில்லை. அதற்குக் காரணம் நீர்தான்.

சரியாகச் சொன்னால், உணவகச் சமையலறையிலிருந்து நான் ஓய்வு பெற்ற அன்று உம்முடைய வான் வண்டியின் பின்கதவைத் திறந்து இறக்கி வைத்தீரே, அந்த மரம். ஓய்வு பெறுகிறவனுக்கு உலகத்தில் மற்றவர்கள் கைக்கடிகாரம் கொடுப்பார்கள், மிஞ்சிப்போனால் ஒரு சாய்மனைக் கதிரை கொடுப்பார்கள். நீர் ஒரு குச்சியைக் கொண்டுவந்து நிறுத்தினீர். "அத்தான், இது யூலை அப்பிள். மற்ற அப்பிளெல்லாம் செப்தெம்பர் மட்டும் ஆக்களைக் காக்க வைக்கும். இவன் அவசரக்காரன். வீட்டுத் தோட்டத்துக்கெண்டே பிறந்த சாதி. சமையலுக்கும் திறம்" என்றீர். எங்களுக்குத் தோட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கட்டடத்துக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவே கிடக்கும் முற்றத்தைக் காட்டி, "இவ்வளவு இடம் காணும்" என்றீர். நீர் சொன்னால் உம்முடைய அக்கா யோகராணிக்கு மறுபேச்சு ஏது? நீர் தேத்தண்ணி குடித்தீர், அவள் மரத்தை ரசித்தாள், குழியை நான் வெட்டினேன்.

முதல் வருஷம் அது இலை விட்டது. பெரிய சாதனை என்று உமக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னோம். அடுத்த வருஷம் பூத்துத் தள்ளியது, முற்றம் கலியாண வீடு மாதிரி இருந்தது, பூவெல்லாம் கொட்டியது, ஒரு பிஞ்சு இல்லை. மறுபடி உம்மைக் கூப்பிட்டேன். "அது தனிய நிண்டால் காய்க்காது அத்தான். பக்கத்திலை வேறை சாதி அப்பிள் ஒண்டும் பூத்து நிக்கவேணும். தேனீ அதிலையிருந்து மகரந்தம் கொண்டுவரவேணும்" என்று, ஊருக்கே தெரிந்த விஷயத்தை நான் மட்டும் அறியாதவன்போலச் சொன்னீர். இதை மரம் இறக்கிய அன்றே சொல்லியிருந்தால் வாய் வலித்திருக்குமோ? லா ஷப்பலில் மாப்பிள்ளை தேடலாம், பெண் தேடலாம், பொருத்தம் பார்க்கவும் ஆள் பிடிக்கலாம். அப்பிள் மரத்துக்கு நான் எங்கே போய்ச் சோடி தேடுவது?

தேடாமலே அமைந்தது. எங்களுக்கு மேலே முதல் மாடியில் மதாம் ஆலீஸ் என்று ஒரு கிழவி தனியாக இருக்கிறார். நாங்கள் செத்தல் மிளகாய் வறுக்கும்போதெல்லாம் ஜன்னலைப் படீரென்று சாத்துவதுதான் அவருடைய உடற்பயிற்சி. இத்தனை வருஷத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை முழுவதும் 'போன்ஜூர்' என்ற ஒரு வணக்கச் சொல்தான், அதுவும் பனிக்காலத்தில் கிடையாது. அவருடைய பல்கனியில், பெரிய சாடி ஒன்றில், சுண்டங்காய் அளவுக்குக் காய்க்கும் காட்டு அப்பிள் நிற்கிறது. இந்த வருஷம் அதுவும் நம்முடையதும் ஒரே நேரத்தில் பூத்தன. அதற்குப் பிறகு தேனீக்கள் செய்ததற்கு நான் பொறுப்பல்ல.

வைகாசியில் பார்த்தால் கிளை தாங்காத பிஞ்சு. மதாம் ஆலீஸ் பல்கனியிலிருந்து குனிந்து பார்த்தார். "தகப்பன் என்னுடைய மரம்தான். பாதிப் பழம் எனக்கு" என்றார். பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

யூலை பிறந்ததும் உம்முடைய அக்கா சென் தெனியிலும் எபினேயிலும் இருக்கிற சொந்தக்காரர் எல்லாரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டாள். கடைசியில் என் கையால், மாத்தட்டில் பழத்துண்டு அடுக்கிச் சுடுகிற அப்பிள் தார்த். பிரெஞ்சுக்காரருக்கு அத்தனை வருஷம் தார்த் சுட்டவன், என் சனத்துக்குச் சுட மாட்டேனா? அந்த வாரத் தொடக்கத்தில் யோகராணி ஒரு பழத்தை விரலால் அமத்திப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, பழுத்திட்டுது போலக் கிடக்கு. நல்லா மணக்குது. பிடுங்குவமே?" "வெளிறிப்போய்க் கிடக்கு. அப்பிளெண்டால் சிவக்கவேணும். ஞாயிறு மட்டும் பொறும்" என்றேன். இந்தச் சாதி சிவக்கவே சிவக்காது, வெளிர் மஞ்சளோடு நின்றுவிடும், பழுத்தபின் மரத்தில் விட்டால் ஓரிரு நாளில் உள்ளே மாவாகிவிடும் என்பதை நீர் சொன்னீரா? அவசரக்காரன் என்றீர். பழுக்கத்தான் அவசரம் என்று நான் நினைத்தேன், கெட்டுப்போகவும் அதே அவசரம் என்று யார் கண்டது! வெள்ளிக்கிழமை விழத் தொடங்கியது. குப்பைத் தொட்டி மூடியில் டமார் டமார் என்று விழ, குளவிகள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கின. நீர் வரவில்லை என்ற குறையை அவைதான் தீர்த்தன.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களில் முதலில் கடித்தது எங்கள் மகள் மிருணாளினி. "அப்பா, இது வெறும் மாவு" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுத் தட்டை மெதுவாகத் தள்ளிவைத்தாள். சென் தெனி இந்திராதேவி அக்கா அப்படி மெதுவாகச் சொல்லுகிற ஆளா? "தம்பி குலம், இது அப்பிளோ, அவிச்ச உருளைக்கிழங்கோ?" என்று சபையில் கேட்டா. சரி, சமையலுக்குத் திறம் என்று மைத்துனர் சொன்னாரே என்று நம்பி, இருந்ததில் கொஞ்சத்தைச் சீவி, விசிறிபோல அடுக்கி, தார்த்தை அவன் அடுப்புக்குள் வைத்தேன். திறந்து பார்த்தால் துண்டுகளைக் காணவில்லை. எல்லாம் கரைந்து குளமாய்க் கிடக்கிறது. என் தார்த்தை அகப்பையால் அள்ளிப் பரிமாறலாம் என்றா இந்திராதேவி அக்கா.

அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி. மதாம் ஆலீஸ், கையில் பெரிய கிண்ணம். "என் பாதி" என்றார். உள்ளே வந்தார், தார்த்தைப் பார்த்தார், சிரித்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். "இதைப்போய்த் துண்டாக நிறுத்தப் பார்த்தீரா, முசியே? இது கரைகிற பழம். கரையவிட்டுக் கிளறவேண்டும்" என்று சொல்லிக்கொண்டே என் அடுப்படிக்குள் நுழைந்துவிட்டார். யோகராணி அடுப்பை விட்டுக்கொடுப்பாளா? மிச்சப் பழத்தை ஆளுக்குப் பாதி எடுத்தார்கள். ஒரு பக்கம் மதாம் ஆலீஸ் வெண்ணெயும் வனிலாவும் போட்டுக் கிண்டுகிறார். மறுபக்கம் உம்முடைய அக்கா தாச்சியில் கடுகு, கறிவேப்பிலை, செத்தல் மிளகாய் வெடிக்கவிட்டு அப்பிளைக் கொட்டுகிறாள். "மதாம், உப்புப் போடாட்டி என்னெண்டு தின்னுறது?" என்று இவள் தமிழில். "நோன், நோன்!" என்று அவர். மொழிபெயர்க்கப் போன என்னை இரண்டு பேருமாகச் சேர்ந்து வெளியே அனுப்பினார்கள். அதற்கு மட்டும் மொழி தேவைப்படவில்லை.

பிறகு மதாம் ஆலீஸ் தாச்சியிலிருந்து ஒரு கரண்டி அள்ளி வாயில் வைத்தார். அம்புலன்சுக்கு அடிப்பதற்கு நான் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டேன். கண்ணால் ஓடுகிறது, மூக்கால் ஓடுகிறது. கரண்டியை மறுபடி நீட்டினார். வந்த சனம் சோற்றோடும் கோழிக் கறியோடும் இரண்டு சட்டியையும் வழித்துத் தின்றது. தார்த் என்று ஒன்று இருந்ததை ஒருவரும் எனக்கு ஞாபகப்படுத்தவில்லை, அந்த அளவுக்கு நாகரிகமான சனம்.

அதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். இப்போது பின்னேரமானால் மதாம் ஆலீஸ் எங்கள் வீட்டில். மிளகாய் வறுத்தால் ஜன்னலைத் திறந்து என்ன கறி என்று கேட்கிறார். உம்முடைய அக்கா, ஆசுப்பத்திரிக்கும் நகரசபைக்கும் என் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்து, எல்லாவற்றையும் என் வாயால் கேட்ட அதே அக்கா, இப்போது பிரெஞ்சு பேசுகிறாள். முழுக்கப் பிழை. ஆனால் பயம் என்பது மருந்துக்கும் இல்லை. முந்தாநாள் மருந்துக் கடைக்குத் தனியாகவே போய், மருந்தையும் வாங்கி, கடைக்காரியோடு கதையும் பேசிவிட்டு வந்திருக்கிறாள். "என்னைக் கூப்பிட்டிருக்கலாமே" என்றேன். "உங்களை ஏன் மினக்கெடுத்துவான் எண்டு விட்டிட்டன்" என்றாள். நான் தொலைக்காட்சிக்கு முன்னால் போய் இருந்தேன், அதைப் போடவும் மறந்துபோனேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து என் பெயரை வாயால் சொல்லாதவள், நேற்றுத் தேத்தண்ணிக்கு நான் சீனி அள்ளும்போது, மதாம் ஆலீசைப்போலவே விரலை ஆட்டி, "மே நோன், குலம்!" என்றாள், கூடவே கூடாதாம். வீட்டில் எனக்கிருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் போயிற்று.

ஆகவே தயவுசெய்து வருகிற சனிக்கிழமை மண்வெட்டியோடும் வானோடும் வந்து, உம்முடைய மரத்தை வேரோடு கிளப்பி, ஓல்னேயில் உம்முடைய விசாலமான வளவில் நட்டுக்கொள்ளும். பழங்களையும் குளவிகளையும் நீரே அனுபவியும். உம்முடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லும். நீங்கள் எல்லாரும் நோய் நொடி இல்லாமல், முக்கியமாக நீர் முதுகுவலி இல்லாமல், நீண்ட காலம் வாழவேண்டும்.

இப்படிக்கு,
மரத்தால் வீழ்ந்த உம்முடைய அத்தான்,
குலசேகரம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போனபோது முற்றத்தில் ஆள் அரவம். கட்டட நிர்வாகம் அனுப்பிய ஒருவர் மரம் அரியும் வாளோடு நிற்கிறார். அந்த இடத்தில் சைக்கிள்கள் நிறுத்தப் போகிறார்களாம். நான் அவருக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்திருக்கவேண்டும். என்ன நடந்ததோ தெரியாது, கட்டியிருந்த சாரத்தோடு ஓடிப்போய் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். என் பிரெஞ்சில் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. யோகராணிதான் வந்து, இடுப்பில் கையை வைத்து, அந்த மனிதருக்குப் பிழை பிழையாக நிறையச் சொன்னாள். மதாம் ஆலீஸ் மேலேயிருந்து பின்பாட்டுப் பாடினார். வந்தவர் வாளை உறையில் போட்டுவிட்டு, "உங்கள் மனைவி சட்டத்தரணியா?" என்று என்னைக் கேட்டார். ஓம் என்றேன். மேலிடத்தில் கேட்டுக்கொண்டு திரும்ப வருவாராம். ஆனபடியால் மண்வெட்டியைக் கட்டாயம் கொண்டுவாரும், அதோடு இன்னும் இரண்டு கன்றும் கொண்டுவாரும். சைக்கிளுக்கு அங்கே ஒரு சாண் இடம்கூட மிஞ்சக் கூடாது.