நூற்றிருபது வயதுத் தாடி

புளியங்குளத்தில் கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம், பேருந்தே ஒதுங்கித்தான் போனது. சிரஞ்சீவிச் சாமி வந்திருக்கிறாராம். அவர் ஓதிய தண்ணீரைக் குடித்தவர்கள் வயது போய், முதுமையால் சாகவே மாட்டார்களாம்.

சாட்சிக்கு ஆளும் இருந்தார். சாமிக்குப் பக்கத்தில், பாயில், நூற்றிருபது வயதுச் சித்தர். நெஞ்சு வரை வெள்ளைத் தாடி. வாய் திறக்கமாட்டார், மௌன விரதமாம். வசதியான விரதம்தான்.

தொண்ணூற்றிரண்டு வயது நடராசாவை மகள் கமலேஸ்வரி கைபிடித்து நடத்தி வந்தாள். மறுகையில் கயிறு, கயிற்றின் நுனியில் வீட்டின் ஒரே கறவை மாடு. தண்ணீருக்கு அதுதான் காணிக்கை. அதன் பாலை விற்றுத்தான் வீட்டில் உலை கொதித்தது. தன் கிழட்டு உயிருக்காக மாடு போகப்போகிறதே என்று நடராசா வழியெல்லாம் முணுமுணுத்தார்.

“ஐயா, நீங்கள் இல்லாட்டி எனக்கு ஆர் இருக்கினம்?” என்றாள் மகள். நடராசா சாமியின் பக்கம் திரும்பினார்.

“சாமி, உங்கடை தண்ணி குடிச்ச தங்கராசா போன மாசம் செத்துப்போனாரே?”

“அது முட்டு இழுத்து, மூச்சுத் திணறி. வயசாலை இல்லை.”

“தங்கராசாவின்ரை தமையன்?”

“கிணத்தடியிலை வழுக்கி விழுந்தவர். வயசாலை இல்லை.”

“தண்ணி குடிக்காத என்ரை மனுசியும் முட்டு இழுத்துத்தானே போனவா. அப்ப அவாவும் வயசாலை சாகேல்லை. காணிக்கை வைக்காமலே தப்பீட்டா!”

யாரோ சிரித்தார்கள். சாமி சிரிக்கவில்லை. “சித்தரைக் கிட்டப்போய்ப் பாருங்கோ, நம்பிக்கை வரும்” என்றார்.

நடராசா கிட்டப் போனார். அவருடைய கைத்தடி விழுந்தது. விழுந்ததா, விழுத்தினாரா என்று என்னைக் கேட்காதீர்கள். சித்தர் கையூன்றாமல் எழுந்து, ஒரே குனியலில் அதை எடுத்து, மரியாதையாக நீட்டினார். நல்ல பிள்ளை.

“தம்பி, இதை நான் குனிஞ்சு எடுத்து நிமிர மத்தியானம் ஆகியிருக்கும். உனக்கு உண்மையிலை எத்தினை வயசு?”

“என்ரை தண்ணியின்ரை மகிமை!” என்று சாமி கத்தினார்.

“அப்பிடியெண்டா அந்தத் தண்ணியாலையே தாடியைக் கழுவிப் பாப்பம்.”

சாமி தடுக்கும் முன்னரே ஓதிய தண்ணீர்ச் செம்பைச் சித்தரின் தாடியில் சரித்துவிட்டார் நடராசா. வெள்ளை வழிந்து நெஞ்சில் ஓடியது. உள்ளே கன்னங்கரேலென்று தாடி.

“ஐயோ, இளமை திரும்பீட்டுது!” என்று ஒரு பெண் சித்தரின் காலில் விழுந்தாள்.

சித்தருக்கே பொறுக்கவில்லை. “எழும்புங்கோ அக்கா, எனக்கு நாப்பதுதான். வெள்ளைப் பூச்சு அரிக்குது, துடைக்க ஒரு துவாய் தாங்கோ.”

எல்லாரும் சாமியைத் தேடினார்கள். அவர் மோட்டார் சைக்கிளில் சந்தியைத் தாண்டிவிட்டார், சித்தரை விட்டுவிட்டு.

கமலேஸ்வரி கண்ணைத் துடைத்தாள். “அப்ப நீங்கள் செத்துப்போவியளே ஐயா?”

“ஓம் பிள்ளை, சாவன். இவ்வளவு காலம் வயலிலை முறிஞ்ச உடம்பு, தேயாதோ? முட்டோ, காய்ச்சலோ, ஏதோ ஒண்டு கடைசியாத் தட்டிவிடும். ஆரும் கேட்டால் வயசு போய்ச் செத்தார் எண்டு சொல்லு. அதிலை ஒரு குறையும் இல்லை. இப்ப மாட்டைத் திருப்பு, எனக்குப் பால்தேத்தண்ணி வேணும்.”

கூட்டம் கலைந்தது. ஒருவர் மட்டும் செம்பில் மிஞ்சிய தண்ணீரைப் போத்தலில் ஊற்றிக்கொண்டிருந்தார். “எதுக்கும் இருக்கட்டும்” என்றார்.

வயது போனால் முழங்கால் தேயும், கண் மங்கும், பல் கொட்டும். எல்லாம் பாவித்ததால் வந்த தேய்மானம். மூளையை மட்டும் வாங்கிய புதிதாகவே வைத்திருக்கிறோமே, ஐயாமாரே, அம்மாமாரே, சுடலைக்குக் கொண்டுபோக முன் ஒரு தடவையாவது எடுத்துப் பாவியுங்கள்!