எங்கள் கல்யாணத்துக்கு நான்கு எல்லை

தர்மபுரி மாவட்டத்தில் நான்கெல்லையார் கை படாத காகிதம் ஒன்று இருந்தால், அது கடலை மடித்த காகிதமாகத்தான் இருக்கும். நல்லம்பள்ளியில் பத்திரம் எழுதுகிறவர். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். லீவு லெட்டர் எழுதச் சொன்னாலும் ‘வடக்கே இன்னார் நிலம், கிழக்கே வண்டிப்பாதை’ என்று வீட்டுக்கு நான்கு எல்லையும் போட்டுவிட்டுத்தான் காய்ச்சலுக்கு வருவார்.

நான் அவரிடம் போனது கிரீன் கார்டுக்காக. நானும் கெவினும், ஆணும் ஆணும்தான், அமெரிக்காவில் சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவன் அந்த ஊர்க் குடிமகன். கார்டு கிடைக்காவிட்டால், என் வேலை விசா முடிந்ததும் அவன் அங்கே, நான் இங்கே. கல்யாணம் நிஜம்தான் என்று குடும்பத்தார் எழுதிக் கொடுத்தால் பலம் என்றார் வக்கீல்.

எனக்குக் குடும்பம் என்றால் அப்பா மட்டும்தான். நாங்கள் லீவுக்கு வந்தால், அதியமான்கோட்டை வீட்டில் கெவினுக்குத் தோசையாகச் சுட்டுப் போடுவார். வெளியே யாராவது கேட்டால் “பையனோட பிரண்டு” என்பார். நான்கெல்லையார் எழுதாத எதிலும் அப்பா கையெழுத்துப் போட மாட்டார். ஆகவே மூன்று பேரும் அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்தோம்.

“இவரு உங்களுக்கு என்ன முறைங்க?” என்று அப்பாவைக் கேட்டார்.

“பிரண்டுன்னு போடுங்க.”

நான்கெல்லையார் பேனாவை மூடிவிட்டார். “பிரண்டெல்லாம் ஒரு முறையாங்க? முறையத் தப்பா எழுதுனா பத்திரம் செல்லாது. நான் எழுதி ஒண்ணுகூட இதுவரைக்கும் திரும்பி வந்ததில்லீங்க. பையனுக்கு இவரு யாரு?”

“நான் கட்டிக்கிட்டவருங்க” என்றேன்.

அவர் கண்கூட இமைக்கவில்லை. “அப்ப, உங்களுக்கு?” என்று மறுபடியும் அப்பாவிடமே திரும்பினார்.

பட்டா மாற்ற வந்திருந்த அம்மா ஒருவர் பின்னாலிருந்து, “சீக்கிரம் சொல்லுங்கண்ணா, பஸ்ஸு போயிரும்” என்றார்.

அப்பா கெவினைப் பார்த்தார். ஒன்றும் புரியாத கெவின், எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டான்.

“மருமவன்” என்றார் அப்பா. பிறகு தெருவுக்கே கேட்கும்படி, “என் மருமவனுங்க! எழுதுங்க!”

எழுதினார். ‘மேற்படி திருமணத்தில் எவ்வித வில்லங்கமும் இல்லை’ என்று உறுதி சொல்லி, எங்கள் வீட்டுக்கு நான்கு எல்லையும் போட்டார். பட்டா அம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அமெரிக்காவில் கார்டுக்கான நேர்காணலில் அதிகாரி அம்மாள் மொழிபெயர்ப்பை இரண்டு முறை படித்தார். “உங்கள் மாமனார் வீட்டுக்கு வடக்கே யார்?” என்று கெவினைக் கேட்டார்.

“முனியம்மா வீடு” என்றான் கெவின். “அவங்க ஆடு என் சாக்ஸைத் தின்னுடுச்சு.” அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் என் பயமெல்லாம் போய்விட்டது. அந்த மேசையிலேயே, கார்டு கிடைத்துவிட்டது என்றார்.

நான்கெல்லையாருக்குப் போன் செய்தேன். “கெடைக்காம எங்கீங்க போகும்? முறைதான் சரியா இருக்குதே” என்றார், அமெரிக்காவுக்கே அவர்தான் பத்திரம் எழுதிக் கொடுத்த மாதிரி.

இப்போதெல்லாம் அப்பா பால்காரரிடம்கூட, “மருமவன் போன் பண்ணுனாருங்க” என்கிறார். அதைக் கேட்கிறபோதெல்லாம் எனக்கு நான்கெல்லையார் ஞாபகம்தான் வருகிறது. அந்த மனுஷன் நூறு வயசு நல்லா இருக்கணும்.