இது இரைச்சலா?

இனிமேல் வீட்டில் யார் பேச்சையும் கேட்பதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தேன். ‘யார்’ என்பது ஒரு மரியாதைக்காக. வீட்டில் இருப்பது நானும் என் மனைவியும்தான். நான் பேசுவதில்லை.

முடிவுக்குக் காரணம் என் காது. முப்பது வருஷமாகப் பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டை உள்ளே தள்ளினால் ‘டம்’ என்று ஒரே அடி. மோட்டார் மூடியாக வெளியே வந்து விழும். வரிசையாக நிற்கும் அத்தனை பிரஸ்ஸுக்கும் நான்தான் ஃபோர்மேன். எந்த மிஷினுக்கு உடம்பு சரியில்லை என்று காதாலேயே சொல்லுவேன். ஸ்க்ரூடிரைவரின் நுனியை மிஷின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்வேன். “உள்ளே பேரிங் அழுகிறது” என்பேன். பிரித்துப் பார்த்தால் அழுதுகொண்டிருக்கும்.

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். இந்த வருஷம் எங்கள் ஷாப்பில் மிஷினுக்கும் காது வந்துவிட்டது. ஒவ்வொரு பிரஸ்ஸின் விலாவிலும் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சாரை ஒட்டினார்கள். அது ஓயாமல் ஒட்டுக்கேட்கும். ‘இந்த வாரம் பேரிங் போகும்’ என்று மேனேஜர் அறைக் கம்ப்யூட்டரிடம் கோள் சொல்லும். மிஷினுக்குக் காது வந்த அதே சமயத்தில் எனக்குக் காது போய்விட்டதாகக் கம்பெனி டாக்டர் சொன்னார். சொன்னார் என்று மனைவிதான் சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

மேனேஜர் கூப்பிட்டு இரண்டு வழி காட்டினார். ஒன்று, புதிய முறையைக் கற்றுக்கொள்ள வகுப்பில் சேர்வது. எந்தச் சத்தம் நல்லது, எந்தச் சத்தம் கெட்டது என்று அந்தச் சென்சாருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். இன்னொன்று, மரியாதையாக முன்கூட்டியே ரிட்டயர் ஆவது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு மரியாதை பிடித்திருந்தது. மனைவிக்குப் பிடிக்கவில்லை.

“ரிட்டயர் ஆகி என்ன பண்ணுவீங்க?”

“சும்மா இருப்பேன்.”

“இப்ப மட்டும்?”

“இந்த வயசுல என்னைப் பெஞ்சுல உட்காரச் சொல்றியா? பக்கத்துல எல்லாம் சின்னப் பசங்க உட்காருவாங்க.”

“உட்காரட்டும். நீங்க காப்பி அடிக்க வசதியா இருக்கும்.”

என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பகலெல்லாம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஊரைத் திருத்திவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்னைத் திருத்துவாள். தண்ணீர் எடுக்க எழுந்தால், “பின்னாடி பாத்து எழுந்திரிங்க.” சமையலறைக்குள் நுழைந்தால், “மெதுவா, மெதுவா, இடதுபக்கம் ஒடிங்க.” கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் எனக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை.

காதுக்குக் கம்பெனியே ஒரு புது மிஷின் வாங்கிக் கொடுத்தது. காதுக்கு ஒன்றாக இரண்டு, அவரைக்கொட்டை அளவுதான். ஆஸ்பத்திரியில் அதை மாட்டிவிட்ட பெண் சொன்னாள்:

“சார், இது பழைய மிஷின் மாதிரி எல்லாத்தையும் கத்திக் கொட்டாது. இதுக்கு மூளை இருக்கு. உங்களுக்கு எது வேணும், எது வேணாம்னு இதுவே கத்துக்கும்.”

“அப்ப இவரைவிடப் பரவாயில்லை” என்றாள் என் மனைவி. புது மிஷினில் நான் தெளிவாகக் கேட்ட முதல் வாக்கியம் அது.

அதன்பிறகு எல்லாமே கேட்டது. குழாய் சொட்டுவது கேட்டது. என் செருப்பே எனக்குக் கேட்டது. இத்தனை காலம் மனைவி பேசியதில் பாதியைத்தான் கேட்டிருக்கிறேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மீதிப் பாதியும் என்னைப் பற்றித்தான்.

“வகுப்புல சேர்றீங்களா இல்லையா?” என்று காலையில் கேட்பாள். பல் துலக்கும்போது கேட்பாள். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்பாள். காது கேட்காதவனாக இருந்தபோது எவ்வளவு நிம்மதியாக இருந்தேன் என்று நினைத்து அழுகை வந்தது. அப்போதுதான், அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, என் போன் சிணுங்கியது. காது மிஷின் செய்தி அனுப்பியிருந்தது.

‘ஒரு குரல் அடிக்கடி கேட்கிறது. இது இரைச்சலா? ஆம். இல்லை.’

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இவ்வளவு பரிவாக ஒரு கேள்வி கேட்டதில்லை. போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ‘ஆம்’ என்று அழுத்தினேன்.

அழுத்தினேனோ இல்லையோ, அவள் பேச்சு நின்றது. வாய் நிற்கவில்லை; பேச்சு மட்டும் நின்றது. கடிகாரம் கேட்டது. தெருவில் சைக்கிள் மணி கேட்டது. நடுவில் அவள் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அடடா, எத்தனை அழகான முகம்! சத்தம் மறைத்துக்கொண்டிருந்ததால் இத்தனை நாள் கவனிக்கவில்லை.

சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் சந்தேகம் வருமே. அதற்கும் வழி கண்டுபிடித்தேன். வாய் நின்றால் “ம்.” புருவம் ஏறினால் “சரி.” கை இடுப்புக்குப் போனால் “நீ சொன்னா சரிதான்.” இவ்வளவுதான் இல்லறம். இதற்குப்போய் ஊரில் எத்தனை புத்தகம் எழுதியிருக்கிறார்கள்!

இரண்டே நாளில் எதிர்வீட்டுத் தையல்காரர் என்னை வழிமறித்தார்.

“என்ன சார் மந்திரம் போட்டீங்க? உங்க வீட்டம்மா என் சம்சாரத்துகிட்ட உங்களைப் பத்திப் பெருமையாப் பேசினாங்களாம். ‘இப்பல்லாம் எது சொன்னாலும் தட்டறதே இல்லை’ன்னு!”

“ரகசியம் ஒண்ணுமில்லை. காது கொடுத்துக் கேக்கணும்.”

“காதைக் கொடுத்துப் பாத்துட்டேன் சார். திருகிட்டுத்தான் திருப்பிக் கொடுக்கறா.”

நான் பெரிய மனிதனைப்போல் அவர் தோளில் தட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் காலை வேலைக்குப் புறப்பட்டு ஷூ மாட்ட நாற்காலியை நோக்கிப் போனேன். மனைவி ஓடிவந்தாள். வாய் அகலமாகத் திறந்தது. புருவம் ஏறியது. “சரி” என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் நாற்காலி புது நிறமாக இருப்பது தெரிந்தது. எழுந்தபோது நாற்காலி பழைய நிறம், நான் புது நிறம்.

மாற்ற நேரமில்லை. அப்படியே போனேன். ஷாப்பில் ஒருவன் பின்னாலிருந்து கூவினான்: “அண்ணே, பச்சை விளக்கு எரியுது, போகலாமா?” அன்று முழுவதும் சுவரோடு முதுகை ஒட்டியே மேற்பார்வை செய்தேன்.

“பெயின்ட் அடிச்சிருக்குன்னு சொல்லக்கூடாதா?” என்று வீட்டுக்கு வந்து கேட்கலாம். கேட்டால், “சொன்னேனே” என்பாள். எதற்கு வம்பு?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். என் அறையில் என் கட்டில் இல்லை. அதற்குப் பதிலாகப் பெரிதும் சிறிதுமாக டிரம்கள். நடுவில் என் மச்சினன்.

“மாமா! நீங்க இவ்வளவு நல்லவர்னு எனக்குத் தெரியாமப் போச்சு!”

“எனக்கும் தெரியாதே. என்ன நடந்துச்சு?”

“வாடகை வீட்டுல டிரம்ஸ் வாசிக்கக்கூடாதுன்னு விரட்டிட்டாங்க. அக்கா உங்ககிட்ட கேட்டாளாம், இங்கயே வந்து இருக்கட்டுமான்னு. ‘நீ சொன்னா சரிதான்’னு சொல்லிட்டீங்களாமே! ஒரு வார்த்தை மறுத்துப் பேசலையாமே!”

எப்படி மறுப்பது? மறுத்தால், அவள் சொன்னது கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால், ஏன் கேட்கவில்லை என்று அவள் கேட்பாள். கேட்டால், நான் கேட்க வேண்டியிருக்கும். பேசாமல் என் தலையணையைத் தேடி எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

மச்சினன் கச்சேரியை ஆரம்பித்தான். உடனே போனை எடுத்தேன். இது இரைச்சலா என்று கேள், கேள் என்று காத்திருந்தேன். அந்த மூளையுள்ள மிஷின், ‘சங்கீதம் கேட்கிறது. தெளிவாகக் கேட்க ஒலியைக் கூட்டியிருக்கிறேன்’ என்றது.

திங்கட்கிழமை மேனேஜர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“பிரமாதம்! நீங்க சேருவீங்கன்னு நான் நினைக்கவே இல்லை.”

“எதுல சேர்ந்தேன்?”

“வகுப்புலதான். உங்க வீட்டம்மா போன் பண்ணிச் சொன்னாங்க. உங்களுக்குப் போன்ல சரியாக் கேக்காதாமே. நான் உங்க வாயால சொன்னாத்தான் ஆச்சுன்னேன். உடனே உங்களைப் பேச வெச்சு ரெக்கார்ட் பண்ணி அனுப்பிட்டாங்க. இதோ கேளுங்க.”

போனை என் காதருகே பிடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. மேனேஜர் மட்டும் தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தார். பிறகு தெள்ளத்தெளிவாக என் குரல்: “நீ சொன்னா சரிதான்.”

“அப்ப ரிட்டயர்மென்ட்?”

“அதுக்குக் கெடு முடிஞ்சு போச்சே!”

அன்று வீட்டுக்கு நடக்கவில்லை, பாய்ந்தேன். வாசலிலேயே நின்று போனை எடுத்து அவள் குரலுக்கு ‘இரைச்சல் இல்லை’ என்று அழுத்தினேன். சண்டை போடவாவது எதிராளி பேசுவது கேட்க வேண்டுமே.

“வகுப்புல சேர்றேன்னு உன்னை யாரு சொல்லச் சொன்னது?”

“நீங்கதான். கேட்டேன். சரின்னீங்க.”

“நீ கேட்டது எனக்குக் கேக்கவே இல்லை!”

வாயிலிருந்து விழுந்துவிட்டது. பொறுக்கி எடுக்க முடியவில்லை.

“தெரியும்” என்றாள், துணி மடிப்பதை நிறுத்தாமல்.

“தெரியுமா?”

தன் போனைக் காட்டினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த செய்தி. ‘உங்கள் குடும்பத்தைச் சேர்ந்தவர் உங்கள் குரலை இரைச்சல் என்று குறித்திருக்கிறார். மாற்ற வேண்டுமா?’

“ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணு என் போன்லயும் இதைப் போட்டுக் குடுத்தா. நீங்க கண்ணாடியில காதை அழகு பாத்துட்டிருந்தீங்க.”

“அப்பவே மாத்தியிருக்கலாமே!”

“எதுக்கு மாத்தணும்? உங்க காதுல விழற மாதிரி பேசி இத்தனை வருஷத்துல ஒரு காரியம் நடந்திருக்கா? விழாத மாதிரி பேசினேன், நாற்காலிக்குப் பெயின்ட் ஆச்சு, தம்பிக்கு இடம் ஆச்சு, உங்களுக்கு வகுப்பும் ஆச்சு.”

“எனக்கே காதுல பூ சுத்தினியா?”

“நானா? மாட்டிவிட்டது அந்தப் பொண்ணு. மாட்டிக்கிட்டது நீங்க.”

அதோடு விட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன். அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

“நாற்காலி ஈரம்னு அன்னிக்கு நிஜமாத்தான் கத்தினேன். நீங்க சிரிச்சுக்கிட்டே உட்கார்ந்தீங்க. அப்பத்தான் பகீர்னு இருந்துச்சு. நாளைக்கு ரோட்டுல பின்னால வண்டி வரும். நான் கத்துவேன். நீங்க ‘சரி’ன்னுட்டு நிப்பீங்க.”

பழக்கத்தில் ‘ம்’ என்று வாய்வரை வந்தது. அதைச் சொல்லவும் பயமாக இருந்தது.

“என் வண்டியில என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டக் கத்துக்க வர்றவங்களுக்கு அது பிடிக்கறதில்லை. ஆனா எல்லாரும் முழுசா வீடு போய்ச் சேர்றாங்க” என்றாள். தன் போனில் எதையோ அழுத்தினாள்.

பிறகு என் போனில் தேடிப் பார்த்தேன். அந்த ‘இரைச்சல்’ பொத்தான் மங்கிப்போயிருந்தது. தொட்டால், ‘குடும்பத்தாரின் அனுமதியைப் பெறவும்’ என்றது.

வகுப்புக்குப் போனேன். சின்னப் பசங்கள் நடுவில் உட்கார்ந்தேன். பேரிங் அழுவதைச் சென்சாருக்குப் புரியவைத்தேன். மனைவியிடம் சொல்லாதீர்கள், கொஞ்சம் பிடித்தும் இருந்தது. முடித்துவிட்டு ஷாப்புக்குத் திரும்பிய அன்று மனம் துள்ளியது. வீட்டில் என்ன நடந்தால் என்ன? இங்கே எட்டு மணி நேரத்துக்கு அவள் குரல் எட்டாது.

நான்காவது பிரஸ்ஸில் ஒரு மூடி சிக்கியிருந்தது. மேனேஜர் ஏதோ சொல்ல ஓடிவந்தார். பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று பழைய பழக்கத்தில் உள்ளே கையை நீட்டினேன்.

“என்னங்க! கையை எடுங்க! எத்தனை தடவை சொல்றது?”

எடுத்தேன். நான் மட்டுமல்ல, ஷாப்பில் இருந்த அத்தனை பேரும் எதிலிருந்தோ கையை எடுத்தார்கள். திரும்பிப் பார்த்தேன். அவளைக் காணோம். பிரஸ்தான் நின்றுகொண்டிருந்தது.

“அதைத்தான் சொல்ல வந்தேன்” என்றார் மேனேஜர். “இனிமே ஆபத்துன்னா மிஷினே வாயைத் திறந்து சொல்லும். முதல்ல ஒரு குரல் வெச்சோம். ‘தயவுசெய்து கவனிக்கவும்’னு சொல்லும். ஒருத்தனும் கவனிக்கலை. இந்தச் சத்தத்தைக் கிழிச்சுக்கிட்டு வர்ற குரலா வேணுமேன்னு தேடினப்பதான் உங்க வீட்டம்மா போன்ல பேசினது ஞாபகம் வந்துச்சு. வந்து பேசிக் குடுத்தாங்க. ஆரம்பத்துல சரியா வரலை. எதிர்ல நீங்க நிக்கறதா நினைச்சுக்கச் சொன்னோம். ஒரே தடவைதான், அத்தனையும் பேசி முடிச்சுட்டாங்க!”

“அத்தனையும்னா? எத்தனை பிரஸ்ல வெச்சிருக்கீங்க?”

அவர் வாயைத் திறப்பதற்குள், வேலையின்றி நின்றிருந்த ஏழாவது பிரஸ் சொன்னது:

“அங்க என்ன வெட்டிப்பேச்சு? வேலையைப் பாருங்க!”

மேனேஜர் விடுவிடுவென்று தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்குத் தப்பித்துப் போக ஓர் அறை இருந்தது. எனக்கு இருப்பதோ வீடு.