முப்பத்தேழு டிகிரி

"முப்பத்தேழா?"

பக்தவத்சலம் தெர்மாமீட்டரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தார். சந்தேகமே இல்லை, முப்பத்தேழுதான்.

தலை கிறுகிறுக்கிறது என்று படுத்த கண்ணம்மா கண்ணை மூடிக் கிடந்தாள். வீட்டுத் தெர்மாமீட்டர் உடைந்திருந்ததால், பக்கத்து குவார்ட்டர்ஸ் ஜமீலா தன் புருஷன் குவைத்திலிருந்து கொண்டுவந்ததைக் கொடுத்திருந்தாள். எண்ணை மட்டும் காட்டும் புது மாதிரி.

பக்தவத்சலத்துக்கு ஆவடித் தொழிற்சாலையில் உலை பார்க்கும் வேலை. உலைக்கு செல்சியஸ், காய்ச்சலுக்கு ஃபாரன்ஹீட். அவர் கண்ட உலகம் அவ்வளவுதான். நல்ல உடம்புக்குத் தொண்ணூற்றெட்டு வேண்டும். இவளுக்கோ முப்பத்தேழு! உலைக் கணக்கில் எவ்வளவு? முப்பத்திரண்டைக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்தார். மூன்று டிகிரிகூடத் தேறவில்லை.

ஜமீலாவைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு, உலையில் கூட வேலை பார்க்கும் எதிர்வீட்டு வீராசாமியிடம் லீவு சொல்லி அனுப்ப ஓடினார். பக்தவத்சலம் ஆயுத பூஜைக்குக்கூட உலையை விட்டு வராத மனிதர்.

திரும்பி வந்ததும், "கண்ணம்மா, குளுருதா?" என்றார்.

"லேசா."

வெளியே அக்னி நட்சத்திர வெயில். ஜமீலா வாயைப் பொத்திக்கொண்டு வெளியேறினாள். பாவம், அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஜன்னலைச் சாத்தினார். ஃபேனை நிறுத்தினார். கம்பளி போர்த்தினார், அதன்மேல் இன்னொன்று. கையைச் சுட்டுக்கொண்டு சுக்குக் கஷாயம் வைத்து, கொதிக்கக் கொதிக்கப் புகட்டிவிட்டு வாயில் தெர்மாமீட்டரை வைத்தார். முப்பத்தெட்டு.

"ஏறுது கண்ணம்மா!"

அவளுக்கு வியர்வை ஆறாகப் பெருகியது. உள்ளே உறைந்ததெல்லாம் உருகுகிறது என்று தெம்பானார். பாதத்தைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவருக்குத் திடீரென்று குரல் உடைந்தது.

"நீ பூட்டா இந்த ஊட்ல நான் இன்னாத்துக்கு? யாருக்குன்னு கீறேன் நானு?"

கண்ணம்மாவின் மூடிய கண்ணோரம் நீர் வழிந்தது. அதுவும் வியர்வை என்றே துடைத்துவிட்டார்.

சாயங்காலம் ஜமீலா எட்டிப் பார்த்தாள்.

"வாம்மா! முப்பத்தொம்பதுக்கு ஏத்திட்டேன்! ராவெல்லாம் குந்திகினு தொண்ணூத்தெட்டுக்கு கொணாந்துடுவேன்!"

ஜமீலா பதறிப்போய் ஜன்னலைத் திறந்தாள், ஃபேனைத் தட்டினாள், கம்பளிகளைப் பிடுங்கி எறிந்தாள்.

"போதும்க்கா, எந்திரி! இது செல்சியஸு, முப்பத்தேழுன்னா ஒடம்பு நல்லா கீதுன்னு காலையிலயே சொன்னேன்ல? 'அவரு பக்கத்துல குந்தி எத்தினி வருசமாச்சு, வாயத் தொறக்காதடி'ன்னுட்டு, இப்போ நெசமாவே வெந்துகினு கீறியே!"