உடையப்பனின் மணல் பெட்டி

பாட்டைக் கேட்பதற்குப் பெட்டியா, பெட்டியைக் கேட்பதற்குப் பாட்டா? பூட்டு செய்யும் உடையப்பனின் வாழ்க்கை இந்தக் கேள்வியை எழுப்பிவிட்டு, விடை சொல்லாமல் நகர்ந்துவிட்டது.

வாசகரே, அதிர்வு ஒழிப்பாளர் என்றோர் இனம் உண்டு. ரேடியோ உள்ள ஊரெல்லாம் காணலாம். எங்கள் திண்டுக்கல்லில் சற்றுக் கூடுதல். சொந்தமாகப் பலகை அறுத்து ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்வார்கள். பிறகு பெட்டி நடுங்குகிறதே என்று தாங்கள் நடுங்குவார்கள். பாடகி உருகும்போது கண்மூடித் தலை சாய்த்திருப்பார்கள். ரசனை என்று ஏமாறாதீர்கள். பின்பலகையில் எந்த ஆணி முனகுகிறது என்று தேடுகிறார்கள்.

பூட்டைக் காதருகே குலுக்கி, உள்ளே லீவர் தகடு ஆடினால் தூக்கி எறிகிறவர் உடையப்பன். அதே காதைப் பெட்டிக்கும் கொடுத்தார். குறுக்குச் சட்டம் அடித்தார், போதவில்லை. தார் பூசினார், வேடசந்தூர் மில்லின் கழிவுப் பஞ்சைத் திணித்தார், அய்யலூர்ச் சந்தையில் வாங்கிய ஆட்டு மயிரைக் கழுவாமலே அடைத்ததில் தெரு நாய்களும் இசைக்கு வந்தன. கடைசியில் பலகையை இரட்டையாக்கி நடுவே குடகனாற்று மணலைக் கொட்டி இறுக்கினார். பெட்டி அடங்கியது. வேலை சுத்தம், அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது அலமாரித் தம்ளர்கள் அதிர்ந்தன. அவற்றுக்குத் துணி சுற்றினார். மனைவி சிவனம்மாள் துணியை அவிழ்த்துத்தான் காப்பி ஊற்றினாள்.

மகள் பொன்னழகுக்குக் கல்யாணம் வந்தது. பாட்டில்லாத பந்தலில் தங்கள் பையன் தாலி கட்டமாட்டான் என்றார் சம்பந்தி. வாடகை செட் எதற்கு, என் பெட்டி பாடும் என்றார் உடையப்பன். முகூர்த்தம் நெருங்கியது. ஆறு பேர் தூக்கிய பெட்டி வாசல் நிலையில் சிக்கிக்கொண்டது. இரட்டைப் பலகையின் அகலத்தை யாரும் அளந்திருக்கவில்லை.

“பிரிச்சிரலாம்ணே,” என்றார் அடுத்த வீட்டு ஜெகபர் அலி.

“பிரிச்சா மறுபடி ஆடும்.”

“அங்க ஒங்க மக கல்யாணமே ஆடுது. அது காதுல விழலையா?” என்றாள் சிவனம்மாள்.

உடையப்பன் திருப்புளியை எடுத்துவந்தார். பிறகு ஸ்பீக்கரை மட்டும் கழற்றி ஜெகபர் அலியிடம் நீட்டினார். பந்தல் காலில் கட்டிய வெறும் ஸ்பீக்கர் தகரக் குரலில் அலறியது. சம்பந்தி தலையை ஆட்டி ரசித்தார். தாலி ஏறியது.

சிரிக்கிறீர்கள். நேற்று நல்ல பாட்டின் நடுவே ரேடியோ மேலிருந்த சாவிக்கொத்து கிணுகிணுத்ததே, எழுந்துபோய் எடுத்தது யார்? அப்போது ஓடிய வரி என்ன, நினைவிருக்கிறதா?

பந்தி தொடங்கியபோது உடையப்பனைக் காணோம். வாசல் நிலையில் சிக்கிய காலிப் பெட்டியில் காதை வைத்து உட்கார்ந்திருந்தார். எதற்கென்று சிவனம்மாள் கேட்டாள். அவர் உதட்டில் விரல் வைத்து அவளை அடக்கினார்.