வெளிச்சம் படக்கூடாது

அப்புசாமி நாற்காலியின் மேல் ஏறி நின்று, ஆஸ்பத்திரி அறையின் இரண்டாவது டியூப் லைட்டையும் கழற்றினார். முதல் டியூப் லைட் ஏற்கெனவே அலமாரிக்குள் இருந்தது. உள்ளே வருகிற எல்லோருடைய கையும் முதலில் கதவருகே இருக்கும் சுவிட்சுக்குத்தான் போகிறது. வேறென்ன செய்ய?

கட்டிலில் ராசாத்தாள் தலையில் கட்டோடு கண்ணை மூடிக் கிடந்தாள். திங்கட்கிழமை விடிகாலையில் அவளுக்கு ஒரு மருந்தைக் குடிக்கக் கொடுத்து, பிறகு மண்டையைத் திறந்து புற்றுக்கட்டியை எடுத்திருந்தார்கள். இன்று புதன்.

"மூளையும் கட்டியும் பாக்க ஒரே மாதிரி இருக்குமுங்க. இந்த மருந்தைக் குடிச்சா, நீல வெளிச்சத்துல கட்டி மட்டும் ரோஸ் கலர்ல மின்னும். எதுவரைக்கும் எடுக்கலாம்னு எங்களுக்குத் தெரிஞ்சுபோகும்" என்று டாக்டர் மோகனப்பிரியா சொல்லியிருந்தார். அரிசியில் கிடக்கும் வெள்ளைக் கல்லுக்கு மட்டும் சாயம் ஏற்றிப் பொறுக்குவது போல என்று அப்புசாமி புரிந்துகொண்டார். வெள்ளகோவிலில் முருங்கைக்காய் மண்டி நடத்துகிறவருக்கு அது போதும்.

ஆனால் அந்த மருந்து உடம்பில் இருக்கும்வரை பளிச்சென்ற வெளிச்சம் பட்டால் தோல் வெந்துவிடுமாம். இரண்டு நாள் மங்கலான விளக்கு போதும் என்றார்கள். ஆபரேஷன் நாள் கணக்கில் சேராது என்று அப்புசாமி தாமாகவே முடிவு செய்து, புதன் முழுவதும் இருட்டு என்று வைத்துக்கொண்டார்.

இன்னொன்றும் சொன்னார்கள். கட்டி இருந்தது பேச்சு வரும் இடத்தை ஒட்டி. "பேச்சு வந்துரும்னு நம்பறோம். நீங்க பேச்சுக் கொடுத்துட்டே இருங்க."

அதுதான் கஷ்டம். முப்பது வருடத்தில் அவர் மனைவியிடம் பேசியதெல்லாம் "சோத்தைப் போடு", "போயிட்டு வாரேன்", இவ்வளவுதான். முதலில் முருங்கைக்காய் விலை சொன்னார். அது தீர்ந்ததும் மழையைப் பற்றிச் சொன்னார். அதுவும் தீர்ந்த பிறகு, இருட்டு கொடுத்த தைரியத்தில் மனசில் கிடந்த பழைய கதையையெல்லாம் சொன்னார். ராசாத்தாளிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

பத்து மணிக்கு ராசாத்தாளின் அண்ணன் செங்கோட்டையன், ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். பதினான்கு பேர். நான்கு ஹார்லிக்ஸ் பாட்டில்.

"ஏனுங் மாப்பிள்ளை, கரண்டு இல்லீங்களா?" சுவிட்சை நான்கு தடவை தட்டிப் பார்த்தார் செங்கோட்டையன்.

"வெளிச்சம் படக்கூடாதுங்க மச்சான். டாக்டரு சொல்லியிருக்கறாங்க."

"அது டாக்டரு லைட்டுக்குச் சொல்லியிருப்பாங்க. சூரிய வெளிச்சம் சாமி வெளிச்சமுங்க, அது ஒண்ணும் பண்ணாது." ஜன்னல் திரையைச் சர்ரென்று இழுத்தார். அது கொக்கியோடு கையில் வந்துவிட்டது.

அப்புசாமி பாய்ந்தார். தோள் துண்டை ஜன்னலில் கட்டினார், பாதிக்குத்தான் எட்டியது. வேறு வழியில்லாமல் வேட்டியை அவிழ்த்து மீதியையும் மறைத்துவிட்டு, கோடு போட்ட அண்டர்வேயரோடு நின்றார். நல்லவேளை, அறை இருட்டாகிவிட்டது.

"அம்புட்டுத் தூரம் வந்துபோட்டு மொகத்தைப் பாக்காமப் போனா நல்லாருக்குமுங்களா?" என்றாள் பக்கத்து வீட்டு ரங்கம்மாள். "நாளைக்கே ராசாத்தா, வந்து எட்டிக்கூடப் பாக்கலைன்னு சொல்லுவாளே!"

"சரிதானுங்களே" என்றது கூட்டம். பதினான்கு செல்போன்களிலும் டார்ச் எரிந்தது.

"அய்யோ, வேண்டாமுங்க!" அப்புசாமி போர்வையை இழுத்து ராசாத்தாளின் முகத்தை மூடினார்.

டார்ச்சுகள் அறையைச் சுற்றி வந்தன. ஜன்னல் மூடியிருக்கிறது. விளக்கைக் கழற்றியாகிவிட்டது. புருஷன் கட்டிய வேட்டிகூட இல்லாமல் நிற்கிறார். முகத்தை மூடி ஒருத்தி படுத்திருக்கிறாள். டார்ச் வெளிச்சத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அட எங்கம்மா ராசாத்தா! எங்களை உட்டுப்போட்டுப் போயிட்டியா!" ரங்கம்மாள்தான் தொடங்கினாள்.

"இருக்கறாளுங்க! உசுரோட இருக்கறா!" என்று கத்தினார் அப்புசாமி.

"மனசுல இருக்கறாளுங்க மாப்பிள்ளை, எங்கீங் போயிருவா" என்று அவரைக் கட்டிப்பிடித்து அழுதார் செங்கோட்டையன். அழுதுகொண்டே ஊருக்குப் போன் போட்டார். "கண்ணு, எல்லாத்துக்கும் சேதி சொல்லிப்போடு..."

இவர்கள் வாயை அடைக்க ஒரே ஒரு ஆளால்தான் முடியும். அப்புசாமி கட்டிலருகே மண்டியிட்டார்.

"ராசாத்தா, ஒரே ஒரு வார்த்தை பேசு. பேசிரு சாமி. உன்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப 'பரவால்ல'ன்னு சொன்னனே, அது பொய்யி. ஊட்டுக்குப் போயி மூணு நாளு சோறு எறங்கலை எனக்கு. உன்ற கொள்ளுப் பருப்புல உப்பு கம்மின்னு தெனமும் சொன்னனே, அதும் பொய்யி. சரியாத்தான் இருந்துச்சு. நல்லாருக்குதுன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. நீ பேசாத ஊட்டுக்கு நான் எப்படிப் போவேன்?"

ஒப்பாரி நின்றது. செங்கோட்டையன் போனைக் காதிலிருந்து இறக்கினார்.

போர்வை குலுங்கியது.

"அய்யய்யோ, வலிப்பு!" அப்புசாமி மணியை அழுத்தினார், விடாமல் அழுத்தினார்.

நர்ஸ் லோகப்பிரியா ஓடி வந்தாள். அழுத முகங்களையும் அண்டர்வேயரையும் ஒரு பார்வை பார்த்தாள். ஜன்னலுக்குப் போய் வேட்டியை ஒரே இழுப்பில் உருவி அவர் கையில் கொடுத்தாள். வெயில் கட்டில்மேல் கொட்டியது.

"வெளிச்சம்! வெளிச்சம் பட்டுருச்சு!" அப்புசாமி வேட்டியோடு ராசாத்தாளின் மேல் குறுக்கே விழுந்து மறைத்தார்.

"ஒண்ணும் ஆகாதுங்க, எந்திரிங்க. மருந்து குடிச்சு ரெண்டு நாளு இன்னிக்கு விடிகாலை அஞ்சு மணிக்கே முடிஞ்சுபோச்சு. நீங்க டீ குடிக்கப் போனப்பவே அம்மாகிட்டச் சொல்லிட்டேன்" என்றாள் லோகப்பிரியா. "அவங்கதான், 'இன்னிக்குப் பொழுதுக்கும் இருட்டாவே இருக்கட்டும் கண்ணு, வெளிச்சம் வந்தா இந்த மனுசன் பேச்சை நிறுத்திப்போடுவாரு'ன்னாங்க."